போறன் என்றால் சிவப்பு அட்டை

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். "ஆண்ட்டி, கவுண்டரை எடுத்துட்டாங்க. இனிமே ஸ்டூடண்ட்ஸ் போன்லயே ஒரு கேள்வித்தாள் நிரப்பணும். பத்துக்கு எவ்வளவு கவலைன்னு ஒரு நம்பர் போட்டா போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும்" என்றாள்.

பத்துக்கு எவ்வளவு கவலை! முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. நம் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் வீடு பற்றி எரிந்தாலும் இரண்டு என்று போட்டுவிட்டுப் போவார்கள். "அந்தக் காலத்துல நீங்க எப்படி ஆண்ட்டி செஞ்சீங்க? எழுதிக் குடுங்களேன், புதுசா வந்தவங்களுக்குக் காட்டுறேன்" என்றாள். என்னிடம் பேசச் சொல்லிக் கேட்டவர்கள் பிறகு வருத்தப்படுவது வழக்கம். அவளுக்கும் அதுதான் கதி.

என் பயிற்சிக் காலத்தைச் சொல்ல ஒரு பத்தி போதும். மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூடம், பிறகு தட்டெழுத்து, பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒன்பது வருஷம் கோப்பு தூக்கினேன். வீட்டுக்காரருக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தது, மாசி என்ற புறநகரில் வீடு எடுத்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை அலுவலகத்துக்கு வரவேற்பு மேசையில் உட்கார ஆள் தேடினார்கள். 'பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் தேவை' என்று விளம்பரம். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு அரை நாள் சிரித்தார். எனக்கு வேலை கிடைத்த அன்றுதான் சிரிப்பை நிறுத்தினார்.

நான் ஆலோசகர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. வருகிற பிள்ளையை உட்கார வைப்பதும், அட்டை எழுதுவதும், போன் எடுப்பதும்தான் என் வேலை. ஆலோசகர் மால்கம். என் மேலதிகாரி. ஆறடிக்கு மேலே இன்னும் மூன்று அங்குலம். குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்ட சாம்பல் நிறக் காலுறை. முதல் நாள் அவரைப் பார்த்ததும் தபால்காரர் என்று நினைத்து, "இன்றைக்கு அனுப்ப ஒன்றுமில்லை" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தவமணி என்ற என் பெயரை ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, டாவி என்று முடித்துக்கொண்டார்.

மால்கம் பேசும்போது ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். ஆனால் தொழிலில் மனிதர் படு கறார். அவர் அறையில் இரண்டு நாற்காலிகள். நேருக்கு நேர் போடக்கூடாது, கோணலாகப் போடவேண்டும். நேராக உட்கார்ந்தால் பிள்ளை அவர் முகத்தையே பார்த்தாக வேண்டும், கோணலாக இருந்தால் சன்னலைப் பார்த்துக்கொண்டும் பேசலாம். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். துப்புரவு செய்பவர் தினமும் நகர்த்திவிட்டுப் போவார், நான் தினமும் காலையில் குனிந்து சரி செய்வேன். டிஷ்யூ பெட்டி பிள்ளை கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அவர் எடுத்துக் கொடுத்தால் 'அழுதது போதும்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இருபது வருஷம் அழுகிறவர்களோடு உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது.

அவருடைய பெரிய சட்டம், 'ஏன்' என்று கேட்கக்கூடாது. "ஏன் என்று கேட்டால் மாணவர் ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுப்பார், டாவி. சும்மா இருந்தால் நடந்ததைச் சொல்வார்." எனக்கோ 'ஏன்' என்பது மூச்சு மாதிரி. ஏன் லேட்டு, ஏன் இப்படி நனைஞ்சு வந்தே, ஏன் லா சாப்பிடலை? இரண்டாவது வாரமே என் போனின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினார். 'ஏன்' வேண்டாம். வேறொன்றும் எழுதவில்லை.

மேசையில் மூன்று நிற அட்டைகள் இருக்கும். வெள்ளை என்றால் வழக்கமான முறையில் நாள் குறித்துக் கொடுக்கலாம். மஞ்சள் என்றால் இந்த வாரத்துக்குள் பார்க்கவேண்டும். சிவப்பு என்றால் இப்போதே. எந்த அட்டை என்று தீர்மானிக்க நான் மூன்றே கேள்விகள் கேட்கலாம். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, வகுப்புக்குப் போகிறாயா? முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றில் ஒன்று எப்படியும் ஆடிப்போயிருக்கும். நம் பிள்ளையாக இருந்தால் நான் இரண்டாவது கேள்வியை மட்டும் 'பசியாறிட்டியா?' என்று எங்கள் மலேசியா வழக்கப்படி கேட்டுக்கொள்வேன். அதற்கு மால்கம் ஆட்சேபம் சொன்னதில்லை.

சிக்கல் மலேசியாவின் சிரம்பானிலிருந்து வந்த ஒரு பையனால் ஆரம்பித்தது. வணிகம் படிக்க வந்தவன், வீட்டு ஞாபகத்தில் சோறு இறங்கவில்லை என்று வந்தான். மால்கமோடு ஒரு மணி நேரம் பேசினான். கடைசியில் எழுந்து நம் ஊர் மரியாதைப்படி, ஆங்கிலத்தில், "சரி சார், நான் போய்விட்டு வருகிறேன்" என்றான். மால்கம் தலையாட்டினார். பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மால்கம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் அவர் காலி நாற்காலியோடு கோணலாக உட்கார்ந்திருக்கிறார். "வருகிறேன் என்று சொன்னான், டாவி. கழிவறைக்குப் போயிருக்கலாம். அவசரப்படுத்தக்கூடாது." ஒரு மணி இருபது நிமிஷம்! கடைசியில் போய்ப் பார்க்கச் சொல்லி என்னையே ஆண்கள் கழிவறை வாசலுக்கு அனுப்பினார். நான் அங்கே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் ஆக்லாந்தில் இருக்கிறார்கள்.

பிறகு விளக்கினேன். எங்கள் ஆட்கள் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்பார்கள். வருவார்கள் என்று அர்த்தமில்லை. அவர் மிகுந்த அக்கறையோடு அலுவலக நடைமுறைக் கோப்பை எடுத்து, 'குறிப்பு 14: போய்விட்டு வருகிறேன் என்றால் விடைபெறுகிறேன் என்று பொருள். காத்திருக்க வேண்டாம்' என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். நிமிர்ந்து, "வெறுமனே போகிறேன் என்று சொன்னால்?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டுக் கோப்பில் எழுதுகிறார் என்ற பூரிப்பில், "அப்படி எவனும் சொல்லமாட்டான். சொன்னால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் போகிறேன் என்று ஒருத்தர் சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவோம்" என்று அள்ளிவிட்டேன். மால்கம் ஒரு டீ நேரம் யோசித்தார். பிறகு எழுதினார். 'குறிப்பு 14, ஆ: போகிறேன் என்று மட்டும் சொன்னால் சிவப்பு அட்டை.' நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த வருஷம் மே மாதம். மழை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு பெண் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். இங்கே துஷ்யந்தி என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் வேறு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெற்றோர் அப்போது கொழும்பில் இருந்தார்கள், இவள் மவுண்ட் ஆல்பர்ட்டில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். முதலாமாண்டு அறிவியல். மேசைப் பதிவேட்டில் பெயரும் விலாசமும் எழுதிவிட்டு, விலகல் படிவம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இங்கே பாடத்தைப் பேப்பர் என்பார்கள். ஒரு பேப்பரைக் கைவிட வேண்டுமென்றால் விலகல் படிவம் கொடுக்கவேண்டும். அந்தப் படிவம் எங்கள் மேசையில் மட்டும்தான் கிடைக்கும். விலக நினைக்கிற பிள்ளை ஒரு மனித முகத்தையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது மால்கமின் ஏற்பாடு. அந்தப் பருவத்துக்குக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை, நாலரை மணி.

"எந்தப் பேப்பர்மா?" என்று தமிழில் கேட்டேன்.

"நாலும், அன்ரி."

நாலும் என்றால் படிப்பே முடிந்தது. எனக்கு 'ஏன்' நாக்கு நுனியில் வந்து நின்றது. போனில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

"தூங்குறியா?"

"ஓம்."

"பசியாறிட்டியா?"

அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. ஆனாலும், "ஓம்."

"வகுப்புக்கெல்லாம் போறியா?"

"ஓம், அன்ரி."

யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள்; கிள்ளானில் அந்தச் சத்தத்தை நான் கோயிலில்தான் கேட்டிருக்கிறேன். இவள் மூன்று தரம் சொன்னதில் ஒன்றில்கூட உயிர் இல்லை. சார்கிட்டே ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போ என்றேன். "ஆரோடையும் கதைக்க வேண்டாம், அன்ரி. நான் நல்லா இருக்கிறன்" என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். சன்னலுக்கு வெளியே ஒரு தரம் பார்த்தாள். "சரி அன்ரி. நான் போறன்." கதவு சாத்திக்கொண்டது.

நான் அப்படியே நின்றேன். போறன். 'போட்டு வாறன்' என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பெரியவர்கள் முன்னால் அளந்து பேசுகிற பிள்ளை, போறன் என்று சொல்லிவிட்டுப் போகிறது. வாசலுக்கு ஓடினேன். மழையில் நூறு குடைகள் போயின, நடுவில் அவளைக் காணவில்லை. திரும்பி வந்து சிவப்பு அட்டை எழுதினேன். அந்த வருஷத்தின் முதல் சிவப்பு.

மால்கம் அட்டையைப் படித்தார், கோப்பைத் திறந்து குறிப்பு 14 ஆ-வைப் படித்தார், கோட்டை எடுத்தார். சிவப்பு அட்டைக்கு நடைமுறை இதுதான். வீட்டுக்குப் போன் செய்யவேண்டும், கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் நேரில் போகவேண்டும். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளை எங்களிடம் வந்தது என்பதைக்கூடச் சொல்லக்கூடாது. போன் எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட். மால்கமின் பழைய காரில் கிளம்பினோம். அவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டினார். நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான் கேட்காத ஒரு கேள்விதான் காரணம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"கதவைத் திறந்தால் என்ன சொல்வது?" என்று கேட்டேன்.

"வணக்கம் சொல்லலாம்" என்றார்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பழைய மர வீடு. கதவைத் திறந்தவர் நாற்பத்தைந்து வயது மனிதர். தலையிலிருந்து கால்வரை வெள்ளை மாவு. நீல நிற ஓவரால். எங்களைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டார். பின்னால் அவர் மனைவி, கையில் கீழே வைக்க மறந்த போன் ரிசீவர். மால்கம் வணக்கம் சொன்னார். அதோடு அவர் கடமை முடிந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வாய் தானாகத் திறந்தது. "நாங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம். முதலாமாண்டுப் பிள்ளைகள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறோம். சும்மா ஒரு கணக்கெடுப்பு."

"துஷி யூனிவர்சிட்டிக்குப் போட்டாளே!" என்றார் அந்த அம்மா. "உள்ளை வாங்கோ. இவர் இஞ்சினியர். இஞ்சாருங்கோ, நீங்கள் சொல்லுங்கோவன்."

"ஓம், ஓம். இஞ்சினியர்" என்றார் அவர், தோளைத் தட்டிக்கொண்டே. "சைட்டிலை நிண்டு வாறன். இது சீமெந்து."

வனிலா வாசம் வீசும் சீமெந்தை நான் அன்றுதான் பார்த்தேன். நானும் தலையாட்டினேன். அந்த வீட்டில் அந்த நேரம் உண்மை பேசியது மால்கம் ஒருவர்தான், அவரும் ஒரு வார்த்தைதான் பேசியிருந்தார்.

உட்கார வைத்தார்கள். மால்கம் பழக்க தோஷத்தில் நாற்காலியைக் கோணலாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். சித்தி பால் விடாத பிளேன் டீயும் பொரித்த ரோல்ஸும் கொண்டுவந்தார். பிறகு மால்கம் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சும்மா இருந்தார்.

தொழில்முறை மௌனம் என்று ஒன்று இருப்பது அந்தச் சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? அரசாங்கம் தன்னைச் சோதிக்கிறது என்று நினைத்துவிட்டார். முதலில் மழையைப் பற்றிச் சொன்னார். மால்கம், "ம்." கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்னார். "ம்." சீமெந்தில் எத்தனை வகை என்று சொன்னார். மால்கம் டீயைக் குடித்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால். அந்தப் பிள்ளை எங்கே? மழை கூரையில் கொட்டுகிறது, இவர் சீமெந்தை விட்டபாடில்லை. எனக்கு அவர் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது.

திடீரென்று நிறுத்தினார். "சேர்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர் பாதியிலேயே தமிழுக்கு மாறிவிட்டார். "சேர், இது சீமெந்து இல்லை. மா. நான் பிஸ்கட் ஃபாக்டரியிலை வேலை. இண்டைக்கு மெஷின் பழுதாப்போச்சு, நேரத்தோட விட்டிட்டாங்கள்."

"ஐயோ, இவையளுக்கு ஏன் இதைச் சொல்லுறியள்?" என்று சித்தி தலையில் கைவைத்தார்.

"சொல்ல விடு. ரெண்டு வருசமா நெஞ்சுக்குள்ளை கிடக்குது." வந்த முதல் மாதம் ஒரு பொறியியல் நிறுவனத்தில் நேர்முகம் நன்றாக நடந்ததாம். கிடைத்த மாதிரித்தான் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டார். கிடைக்கவில்லை. ஆனால் அண்ணன் கொழும்பில் அத்தனை சொந்தக்காரருக்கும் சொல்லி முடித்திருந்தார். "தம்பி இஞ்சினியரா இருக்கிறான் எண்டு நம்பித்தான் அண்ணை பிள்ளையை என்னட்டை அனுப்பினவர். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? காலமை டை கட்டிக்கொண்டு பிள்ளையோட ட்ரெயினிலை டவுனுக்குப் போறன். அவள் யூனிவர்சிட்டிப் பக்கம் நடந்த உடனை, அதே ட்ரெயினிலை ஏறித் திரும்பி வந்து, மவுண்ட் ஆல்பர்ட்டையும் தாண்டிப் போய் ஃபாக்டரியிலை இறங்கிறன்."

"ஓவராலைக் கூடக் கராஜுக்குள்ளைதான் காயப்போடுறனான்" என்றார் சித்தி, சொன்னதோடு சொன்னதாக.

சித்தப்பா அழுதார். டிஷ்யூ இல்லை. சித்தி தோளில் கிடந்த துவாலையை நீட்டினார், மாவும் கண்ணீரும் சேர்ந்து முகத்தில் பிசைந்துகொண்டன. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மால்கம் கையை உயர்த்தித் தடுத்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அவ்வளவு நன்றாகக் கேட்ட ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது கேட் சத்தம். துஷ்யந்தி உள்ளே வந்தாள். முழுசாக. உயிரோடு. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவளோ ஓவராலில் அழுகிற சித்தப்பாவையும், கையில் ரோல்ஸோடு அரைக்கால் சட்டையில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?"

"இவையை உனக்குத் தெரியுமோ?" என்றார் சித்தி.

எதுவும் சொல்லக்கூடாது என்பது நடைமுறை. எனக்கு நடைமுறை மறந்துபோனது. "நீதானேம்மா போறேன்னு சொன்னே! அப்படியா சொல்றது? எனக்கு உயிரே போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"பஸ் வந்திட்டுது, அன்ரி" என்றாள். நனைந்த பையை இறக்கி வைத்தாள். "திரும்பி வரமாட்டன் எண்டு தெரிஞ்சுகொண்டு போட்டு வாறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எல்லாருக்கும் எல்லாத்தையும் பொய்யாத்தானே சொல்லிக்கொண்டு திரியிறன்."

"எங்கை திரும்பி வரமாட்டாய்?" என்றார் சித்தப்பா, துவாலைக்குள்ளிருந்து.

அவள் பையைத் திறந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஐந்து வாரமாக வகுப்புக்கே போகவில்லை. நானூறு பேர் உட்காரும் மண்டபம். விரிவுரையாளர் ஏதோ சொல்வார், நானூறு பேரும் சிரிப்பார்கள், இவளுக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. கொழும்பில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பிள்ளை முதல் டெஸ்ட்டில் பெயில்.

"ஒரு நாள் போகேல்லை. அடுத்த நாள் போனால், நேற்று ஏன் வரேல்லை எண்டு ஆராவது கேப்பினமோ எண்டு பயம். பயந்து பயந்து போனன். ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு போகவே ஏலாமல் போச்சு."

"அப்ப காலமை என்னோட ட்ரெயினிலை வந்தனி?"

"நீங்கள் ஒஃபிசுக்குப் போனதும் திரும்பி வந்து அதே ட்ரெயினிலை ஏறுவன், சித்தப்பா. கடைசி ஸ்டேஷன் மட்டும் போய்ப் போய் வருவன்."

"அதே ட்ரெயினோ?"

"ஓம். பின்பெட்டி. ஒருநாள் நீங்கள் முன்னுக்கு நிக்கிறதைக் கண்டனான். என்னைப் பிடிக்கத்தான் வாறியள் எண்டு சீற்றுக்குக் கீழை குனிஞ்சிட்டன்."

சித்தப்பா அவளையே பார்த்தார். "தெரிஞ்ச ஆரும் என்னைக் காணக்கூடாது எண்டு தினமும் நியூஸ்பேப்பரை முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டெல்லோ வந்தனான்!"

முதலில் சிரித்தது சித்தி. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு துஷ்யந்தி சிரித்தாள், அழுதுகொண்டே. சித்தப்பா மாவு முகத்தோடு சிரித்தபோது எனக்கும் தாங்கவில்லை. மால்கம் எல்லோரையும் அமைதியாகப் பார்த்துவிட்டு அன்றைய தினம் தன் ஒரே கேள்வியைக் கேட்டார். இன்னொரு ரோல் கிடைக்குமா?

திரும்பும் வழியில் காரில் முழுக் கதையையும் மொழிபெயர்த்தேன். ரயில் நிலையம் வந்தபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரகசியத்தை உடைத்துவிட்டாய், டாவி. எழுத்தில் கண்டிக்கவேண்டும்" என்றார். கண்டித்தார். அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. நியாயமான கடிதம்தான். அன்று நல்லபடியாக முடிந்தது என் சாமர்த்தியம் இல்லை. வேறொரு வீடாக இருந்தால் அந்தப் பிள்ளை தன் கதையைத் தானே சொல்லும் உரிமையை நான் பறித்ததோடு, அடியும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

படிவம் அவளிடமே இருந்தது. புதனும் வியாழனும் எனக்கு வேலை ஓடவில்லை. போன் செய்து பார்க்கட்டுமா என்று மால்கமிடம் நாலு தரம் கேட்டேன், நாலு தரமும் தலையாட்டி மறுத்தார். அவள் வந்தால் படிவத்தை வாங்காமல், முத்திரை தொலைந்துவிட்டது என்று சொல்லித் திங்கட்கிழமை வரை இழுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். முத்திரையை மேசை இழுப்பறைக்குள் ஒளித்தும் வைத்தேன். மால்கம் வந்து, ஒன்றும் பேசாமல், இழுப்பறையைத் திறந்து அதை மறுபடி மேலே எடுத்துவைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு வந்தாள். கூடவே சித்தப்பா, பட்டப்பகலில், நகரத்தின் நடுவில், ஓவராலோடு. படிவத்தை நீட்டினாள். நான் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தேன். நான்கு பேப்பரில் இரண்டை மட்டும் கைவிடுவதாகக் குறித்திருந்தாள். மற்ற இரண்டு அப்படியே இருந்தன. முத்திரை குத்தினேன், கோணலாகத்தான் விழுந்தது. சீட்டு, சட்டம் எல்லாம் கிடக்கட்டும் என்று, "என்னாம்மா ஆச்சு?" என்றேன். 'ஏன்' என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

"நேற்றுப் பின்னேரம் கொழும்புக்கு எடுத்தனாங்கள்" என்றார் சித்தப்பா. "நான்தான் முதல் கதைச்சன். அண்ணை, நான் இஞ்சினியர் இல்லை, பிஸ்கட் அடுக்கிறன் எண்டு சொன்னன். அங்காலை சத்தமே இல்லை. லைன் கட்டாப்போச்சு எண்டு நினைச்சன். பிறகு சொல்லுறார், 'தெரியும்டா.'"

"தெரியுமா!"

"ஒரு வருசமாத் தெரியுமாம். இஞ்சையிருந்து ஆரோ எழுதிப்போட்டினம். அப்ப ஏன் அண்ணை கேக்கேல்லை எண்டன். தெரியும் எண்டு சொன்னால் நீ வெக்கத்திலை போன் எடுக்கிறதை விட்டிடுவாய் எண்டு பயந்தனான் எண்டார்." சொல்லிவிட்டு அறிவிப்புப் பலகைப் பக்கம் திரும்பி நின்று, கூடைப்பந்துக் குழுவுக்கு ஆள் தேடும் விளம்பரத்தை ரொம்ப நேரம் படித்தார்.

"பிறகு அப்பா என்னட்டைக் குடுக்கச் சொன்னவர்" என்றாள் துஷ்யந்தி. "'சித்தப்பான்ரை கதையெல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை. உன்ரை கதைதான் ஒண்டும் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் நல்லா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுறாய். இப்ப சொல்லு' எண்டார்."

"என்னா சொன்னே?"

"'நல்லா இல்லை, அப்பா' எண்டு சொன்னன். அவ்வளவும்தான் சொன்னன், அன்ரி, போன் காட்டிலை காசு முடிஞ்சுபோச்சு."

"அடக் கடவுளே!"

"சித்தி வெறுங்காலோட மழைக்குள்ளை முடக்கிலை இருக்கிற டெய்ரிக் கடைக்கு ஓடிப்போய் இன்னொரு காட் வாங்கிக்கொண்டு வந்தவ. திருப்பி எடுத்தம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மணி ஒரு தரம் முழுக்க அடிக்கேல்லை, அன்ரி. அப்பா எடுத்திட்டார்."